எந்தக் கேமரா என்று கேட்டால் பெயர் சொல்லிவிடுகிறவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களே, அக்காக்களே,

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே காசிமேட்டில் கழுத்தில் கேமராவோடு நிற்கிறவர்கள் நீங்கள். மார்கழி வந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம் தேடி அலைகிறீர்கள். தை பிறந்தால் அலங்காநல்லூருக்குப் பஸ் ஏறுகிறீர்கள். பேங்க், பள்ளிக்கூடம், கடை வியாபாரம் என்று பிழைப்பு வேறாக இருந்தாலும் வருஷக்கணக்கில் படம் எடுத்துக் கை பழகியவர்கள். அதனால்தான் கேமரா வாங்க நினைக்கிற எவரும் முதலில் உங்களிடம் வருகிறார். கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார், நீங்கள் உள்ளதைச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

"அண்ணே, ஒரு கேமரா வாங்கணும், எது வாங்கலாம்?" இந்தக் கேள்வி முடிவதற்குள் உங்களிடமிருந்து ஒரு மாடல் பெயர் வந்துவிடுகிறது. அநேகமாக அது உங்கள் பையில் இருக்கிற மாடல். இல்லாவிட்டால் அடுத்து வாங்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டுக் கொண்டிருக்கிற மாடல். கேட்டவர் எதைப் படம் எடுக்கப் போகிறார், பகலிலா ராத்திரியிலா, கையிலிருக்கிற பணம் சேமிப்பா கடனா, பஸ்ஸில் போகிறவரா கார் வைத்திருப்பவரா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் தன்னைப் பற்றிக் கேட்டார். நீங்கள் உங்களைப் பற்றிப் பதில் சொன்னீர்கள்.

இதனால் என்ன நடக்கிறது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன், திருவண்ணாமலைப் பக்கம். அவன் மாமா கூத்துக் கட்டுகிறவர். மாமாவுக்கு வயதாகிறது, ஆடுகிற காலத்திலேயே நல்லபடியாகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஆசை. உங்களில் ஒருவரிடம் கேட்டான். "வாங்குறதுதான் வாங்குற, ஃபுல் ஃபிரேமா போயிடு. அப்புறம் மாத்துற செலவு மிச்சம்" என்று பதில் வந்தது. இஎம்ஐ போட்டு ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கினான். லென்ஸுக்குப் பணம் மிஞ்சவில்லை. அதனால் பாடியோடு சேர்த்துக் கொடுக்கிற சாதாரண ஜூம், எஃப் 4இல் ஆரம்பித்து, முழுக்க நீட்டினால் 7.1க்குச் சுருங்கிவிடுகிற லென்ஸ்.

கூத்து மேடையின் வெளிச்சம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு டியூப் லைட், இரண்டு ஃபோகஸ் விளக்கு, அதைச் சுற்றிப் பூச்சிக் கூட்டம். வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது கிரீடத்தின் கண்ணாடிச் சில்லும் புஜக்கட்டையும் கலங்காமல் நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 250இல் ஒரு பங்காவது வேண்டும். அந்த வேகத்துக்கு 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 1600 போதுமென்று வைத்துக்கொள்வோம். அதே மேடையில் எஃப் 7.1 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 25,600 வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சார் பெரியது, அதை நான் மறுக்கவில்லை. பரப்பளவில் கிராப் சென்சாரைவிட இரண்டு மடங்குக்கும் சற்று மேல். ஆனால் பதினைந்து மடங்கு வெளிச்சத்தை லென்ஸ் வாசலிலேயே தடுத்துவிட்டால் அந்த இரண்டு மடங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் எடுத்ததில் மாமாவின் முகம் முழுக்க மணல் தூவியது போல் இருக்கிறது. பழைய கிராப் பாடி ஒன்று, புதிதாகவே இருபதாயிரத்துக்குள் கிடைக்கிற ஒரு ஐம்பது எம்எம். இதைச் சொல்லியிருந்தால் இஎம்ஐயும் இல்லை, மணலும் இல்லை.

சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர் லேண்ட்ஸ்கேப் எடுக்கிறவர். கொடைக்கானலில் ட்ரைபாட் போட்டு, எஃப் 11 வைத்து, மேகம் நகரும்வரை காத்திருப்பவர். அவருக்கு ஃபுல் ஃபிரேம் சரி. கூத்து எடுக்கப் போகிறவனுக்குத் தன் மலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "எதுக்குப்பா கேமரா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பையன் மாமாவைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பான். பதில் அந்தப் பேச்சிலேயே இருந்திருக்கும்.

உங்களில் இன்னொரு சாரார் இருக்கிறீர்கள். மாடல் பெயரே சொல்ல மாட்டீர்கள். "கேமராவுல என்ன இருக்கு தம்பி? கண்ணுதான் முக்கியம்" என்பீர்கள். கேட்கிறவருக்கு அது ஞானமாகத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரும். இதைச் சொல்கிறவர்களின் தோளில் தொங்குகிற லென்ஸின் விலையில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அவ்வளவு கண் இருக்கிறவருக்கு அவ்வளவு பெரிய லென்ஸ் எதற்காம்?

கணக்காகவே பார்த்துவிடலாம். வேடந்தாங்கலில் கரையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை நிற்கிறது. உயரம் ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர். கிட் லென்ஸை 55 எம்எம் வரை நீட்டி எடுத்தால் கிராப் சென்சாரில் அந்த நாரையின் உயரம் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 600 எம்எம் போட்டால் ஏழு மில்லிமீட்டர், படத்தில் ஏறக்குறையப் பாதி. இடையிலுள்ள இந்தத் தூரத்தைக் கண்ணை வைத்துக் கடக்க முடியாது. காசு கொடுத்தோ இரவல் வாங்கியோதான் கடக்க வேண்டும். பறவை எடுக்க ஆசைப்பட்டு வந்தவரிடம் கண்தான் முக்கியம் என்று சொல்லி அனுப்பிவிட்டால், ஒரு சீசன் முழுக்கப் புள்ளி புள்ளியாக எடுத்துவிட்டு, தனக்குக் கண் இல்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். கேமராவை அலமாரியில் வைத்துவிடுவார். அப்படி வைத்துவிட்டவர்களை உங்களுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவர் கேமராவை அவரே கோத்துக் கட்டினார். உடம்பு ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ வந்தவை. அதைப் பார்த்த இன்னொரு இயற்கையியலாளர் இ. பி. ஜீ, கயிறும் கம்பியும் போட்டுக் கட்டியிருப்பாரோ என்கிற தொனியில் கிண்டலாக எழுதினார். கிருஷ்ணனே அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்திருந்தார். கேமரா முக்கியமில்லை என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்ல யாருக்காவது ஆசை வரலாம். எனக்கு இது நேர் எதிராகத் தெரிகிறது. தனக்கு எந்தப் படம் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு ஏற்ற கருவியைக் கையாலேயே சேர்த்துக் கட்டுகிற அளவுக்கு அவர் கருவியைப் பற்றி யோசித்தார். படம் முதலில் வந்தது, கேமரா பின்னால் வந்தது. உங்களிடம் கேட்டு வருகிறவர்களுக்கும் அந்த வரிசையில்தான் உதவி தேவைப்படுகிறது. "பெஸ்ட்டு வாங்கிடு" என்பதும் "எதுவானாலும் போதும்" என்பதும், கேட்டவர் பேச்சைக் காதில் வாங்காமல் சொல்கிற பதில்கள்.

அடுத்த குறை பணம் பற்றியது. பாடி விலையைச் சொல்கிறீர்கள். அதோடு முடிந்தது என்று அவர் நினைக்கிறார். மெமரி கார்டு இரண்டு, அதுவும் போலி இல்லாதது. கூடுதல் பேட்டரி ஒன்று. மழைக்குத் தாங்குகிற பை. இதெல்லாம் பில் போடும்போதுதான் தெரிய வருகிறது. இவற்றையாவது கடைக்காரர் சொல்லிவிடுவார், அவருக்கு வியாபாரம். கடைக்காரரும் சொல்லாத, நீங்களும் சொல்லாத ஒன்று இருக்கிறது: ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் துணியே காயாத ஊரில், பைக்குள் மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பது புதிதாக வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? ஃபங்கஸ் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். உங்கள் வீட்டில் டிரை கேபினட் இருக்கிறது, ஈரப்பதம் 45இல் நிற்கிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவருக்கு அது வேண்டாம். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் கொஞ்சம், நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசாகச் சூடு காட்டித் திரும்பப் போடு என்கிற ஒரு வரி. செலவு சில நூறு ரூபாய். இதை வாங்கிய அன்றே சொல்கிறவர் உங்களில் எத்தனை பேர்? ஃபங்கஸ் வந்த பிறகு "அச்சச்சோ" என்கிறவர்கள் நிறைய.

ட்ரைபாடும் அப்படித்தான். கோயில் எடுக்க ஆசை என்றால் உடனே "நல்ல ட்ரைபாட் வாங்கு" என்கிறீர்கள். மாமல்லபுரத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி இல்லாமல் ட்ரைபாடை விரிக்க முடியாது என்பது அவர் அங்கே போய், காவலர் விசில் ஊதிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?

பழைய கேமரா விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் இதில்தான் கூடுதல், ஏனென்றால் உங்கள் அனுபவம் உண்மையிலேயே விலை மதிக்க முடியாததாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். புதுக் கேமராவைப் பற்றி யாரும் சொல்லலாம். செகண்ட் ஹேண்டைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் நீங்கள்தான். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. 24 மெகாபிக்சல் போதும் எவருக்கும்; 300 டிபிஐயில் இருபது அங்குல அகலப் பிரிண்ட் போடலாம், வீட்டுச் சுவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் நீங்கள் "செகண்ட் ஹேண்டா, வேணாம்பா, ரிஸ்க்கு" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் உங்களுடைய பழைய பாடியை அவர் தலையில் கட்டுகிறீர்கள். (எல்லோரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.)

கூடப் போய்ப் பார்த்துக் கொடுத்தால் என்ன? உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி நூல் போல ஃபங்கஸ் ஓடியிருப்பது தெரியும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16இல், வேண்டுமென்றே ஃபோகஸ் விலக்கி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரின் அழுக்கு அத்தனையும் வெளியே வந்துவிடும். ஷட்டர் கவுண்ட் பார்ப்பீர்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் ஏறக்குறைய ஒரு லட்சம் கிளிக்குக்குக் கணக்கிடப்பட்டது என்பதால், எண்பதாயிரம் ஓடிய பாடிக்கு விற்கிறவர் கேட்கிற விலை நியாயமா என்று உங்களால் முகத்தைப் பார்த்தே சொல்ல முடியும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வாரண்டியும் போச்சு, திருட்டுப் பொருளா என்ற சந்தேகமும் வந்துச்சு, வாடா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்து வரவும் உங்களால்தான் முடியும்.

பொருத்தம் பார்க்கிற விஷயம் இன்னும் முக்கியம். நிகான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் 'டி' லென்ஸை வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. 'ஜி' லென்ஸ் என்றால் வேலை செய்யும். ஒரே ஒரு எழுத்து. அதைச் சொல்லாமல் "அந்த ஐம்பது எம்எம் சூப்பரா இருக்கும்" என்று மட்டும் சொன்னால், லென்ஸ் ரிப்பேர் என்று அவர் சர்வீஸ் சென்டருக்கு அலைவார். கேனான் எம் வரிசை சின்னதாக, அழகாக, இப்போது மலிவாகவும் கிடைக்கிறது. 2012இல் வந்த அந்த வரிசையை 2023இல் கம்பெனியே நிறுத்திவிட்டது. அந்த மவுண்ட்டுக்குக் கேனானிடமிருந்து இனிப் புது லென்ஸ் வராது, புது ஆர்எஃப் லென்ஸையும் அதில் மாட்ட முடியாது. இருக்கிற இரண்டு மூன்று லென்ஸே போதும் என்கிறவருக்கு அது இன்றும் நல்ல கேமராதான். நாளைக்குப் பெரிதாக வளர்க்க நினைக்கிறவருக்கு முட்டுச்சந்து. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? அதே கம்பெனியின் 1987லிருந்து வந்த ஈஎஃப் லென்ஸ்களோ ஒரு அடாப்டர் போட்டால் இன்றைய மிரர்லெஸ்ஸிலும் ஓடுகின்றன. ஆக, பழைய லென்ஸில் போட்ட பணம் வீணாகாது. இந்தத் தகவல் தெரிந்தால் கையில் கொஞ்சம் காசு வைத்திருக்கிற ஒரு காலேஜ் பையனுக்கு எவ்வளவு தைரியம் வரும் என்று யோசியுங்கள்.

பெண்கள் கேட்டால் நீங்கள் சொல்கிற பதிலையும் இந்த மடலில் எழுதாமல் விட மாட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க அவ்ளோ வெயிட்டு? சின்னதா ஒண்ணு வாங்கிக்கோங்க, நல்லாத்தான் வரும்." என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். 150–600 ஜூம் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதைவிடக் கனமான குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தையும் தூக்கிய பரம்பரை இது என்பதை மறந்துவிடுகிறீர்கள். சின்னக் கேமரா நல்லதுதான். கூட்டத்தில், சந்தையில், பஸ்ஸில் அது வசதி. ஆனால் அது எடுக்கப் போகிற படத்துக்காகச் சொல்லப்பட வேண்டும், கேட்கிறவர் புடவை கட்டியிருக்கிறார் என்பதற்காக இல்லை. ரிட்டயர் ஆனவர்களிடமும் இதே கதைதான். "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம், ஆட்டோல போட்டு எடுங்க." அப்படிப் பதில் வாங்கிய ஒரு சாருக்கு அப்பர்ச்சர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அதனால்தான் கேட்டார்.

"வாங்க வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது என்பதும் எனக்குப் புரியவில்லை. பேரன் ஓடுகிறதையும் வீட்டு விசேஷத்தையும் எடுத்து உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், போன் போதும். செல்போன் திரையில் பார்க்கிற படத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மெகாபிக்சல்கூடச் செலவாவதில்லை. அந்த ஐம்பதாயிரத்தை வைத்துக் குடும்பத்தோடு ஒரு ஊர் போய் வாருங்கள், படம் தானாக வரும் என்று சொல்லலாம். சொன்னால் நம் கூட்டத்தில் ஒரு ஆள் குறைந்துவிடும் என்று பயமா? குறையட்டுமே. அலமாரியில் தூங்குகிற கேமராவின் சொந்தக்காரரை நம் கூட்டத்தில் சேர்த்து என்ன பயன்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள். பாதிப் பேர் நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடைக்குப் போய் அங்கே ஆஃபரில் இருப்பதை வாங்கிக்கொண்டு வந்து, நன்றாக இல்லை என்று உங்களிடமே புலம்புகிறார்கள். சிலருக்கு உங்கள் வாயால் ஒரு விலையுயர்ந்த பெயர் வந்தால்தான் திருப்தி. வீட்டில் சொல்லி அனுமதி வாங்க அது வேண்டும். நீங்களும் இதையெல்லாம் யாரும் சொல்லித் தராமல், பணத்தை விட்டு விட்டுத்தான் கற்றுக்கொண்டீர்கள். நான் பட்டேன், அவனும் படட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அவசரமாக ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்ளும்போது அதுதான் நடக்கிறது.

ஆகவே கேட்கிறேன். இனி ஒருவர் வந்து எந்தக் கேமரா என்று கேட்டால், பெயர் சொல்லாதீர்கள். "என்ன படம் மனசுல இருக்கு?" என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை, சும்மா ஆசை என்றால், போனில் இதுவரை எடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். முந்நூறு படத்தைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்: இவர் ஆட்களைத் தேடிப் போகிறாரா, பூவையும் பூச்சியையும் குனிந்து எடுக்கிறாரா, வானத்தை எடுக்கிறாரா, தூரத்தில் இருப்பதை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் கெடுத்து வைத்திருக்கிறாரா என்று. விரலால் இழுத்தவருக்கு டெலி வேண்டும். குனிந்தவருக்கு மேக்ரோ. இதைப் படித்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? கடைக்காரருக்கு அதற்கு நேரம் இல்லை, விளம்பரத்துக்கு அந்தக் கண் இல்லை.

பிறகு, உங்கள் கேமராவை ஒரு காலைப்பொழுது அவர் கையில் கொடுங்கள். நடுங்காதீர்கள். நீங்கள் பக்கத்திலேயே இருக்கப் போகிறீர்கள், வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டுக் கொடுத்தால் கீழே விழாது. இரண்டு மணி நேரத்தில் அவருக்குப் புரிந்துவிடும், இந்தக் கனம் தாங்குமா, இந்த 50 எம்எம் தன் கண்ணுக்குப் பிடிக்கிறதா, இன்னும் அகலம் வேண்டியிருக்கிறதா என்று. நீங்கள் இரண்டு மணி நேரம் பேசினாலும் அது புரியாது. வெளிநாட்டு ஊர்களில் வாடகைக்கு எடுத்துப் பார்த்து வாங்குகிறார்கள். சென்னையிலும் வாடகை உண்டு, ஆனால் திண்டுக்கல்லிலும் விருத்தாசலத்திலும் இருக்கிறவர் வாடகைக்கு எங்கே போவார்? அங்கே நீங்கள்தான் இருக்கிறீர்கள், உங்கள் பீரோவில் ஃபில்டர் வளையத்தில் தூசி படிந்த மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன.

வாங்கிய பிறகும் ஒரு முறை பாருங்கள். ஆறு மாதம் கழித்து, அவர் எடுத்த படங்களைப் பார்க்க மட்டும். கேமராவைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களிடம் தனியாக ஒன்று. மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1850களில் தொடங்கியது. அந்தக் காலத்து ஆட்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் சுமந்து படம் எடுத்தவர்கள். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியிருக்கிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். அகலமான லென்ஸ் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அப்படிப்பட்ட முன்னோர் இருக்கிற ஊரில், நம் மாதாந்திரக் கூட்டங்களில் போட்டி முடிவுகளும் புது மாடல் பேச்சும் போக நேரமே மிஞ்சுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை வருகிறவர்களுக்காக ஒதுக்குங்கள். மேஜையைப் போட்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் சும்மா கிடக்கிற ஒரு லென்ஸையோ பாடியையோ கொண்டுவந்து வைக்கட்டும். புதியவர்கள் மாட்டிப் பார்க்கட்டும், கூடத்திலேயே எடுத்துப் பார்க்கட்டும். விரும்புகிறவர் ஒரு வாரத்துக்கு இரவல் எடுத்துப் போகட்டும். ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர், லென்ஸின் சீரியல் நம்பர், திருப்பித் தரும் தேதி. முன்பணம் வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். வாங்குவதில் தவறில்லை என்பது என் எண்ணம். அதே மேஜையில் டார்ச் ஒன்றும் ஃபங்கஸ் பிடித்த லென்ஸ் ஒன்றும் இருக்கட்டும், எப்படிச் சாய்த்துப் பார்ப்பது என்று காட்ட. ஃபங்கஸ் லென்ஸுக்குப் பஞ்சமிருக்காது.

வேடந்தாங்கல் சீசன் நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை போகும். உங்களில் 150–600 வைத்திருப்பவர்கள் எந்த ஞாயிறு வரமாட்டீர்கள், எந்த ஞாயிறு லென்ஸ் வீட்டில் சும்மா கிடக்கும் என்பதை அக்டோபர் கூட்டத்துக்குள் நோட்டில் எழுதிவிடுங்கள். இரவல் கேட்டு வரப் போகிறவர்களின் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. முதல் பெயர் அந்த ரிட்டயர்டு சாருடையது.

அன்புடன்,
உங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற ஒருத்தி